சாவு படாத வீடு

எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் ஆணி அடிப்பதும் செத்துப்போவதும் ஒரே பிரிவில் வருகின்றன. ‘வீட்டுக்கு நேரும் சேதங்களும் குடியிருப்போர் பொறுப்பும்’ என்று தலைப்பு. சுவரில் ஆணி, டைல்ஸில் விரிசல், பாத்ரூமில் ஆசிட் கறை, உடைந்த வாஷ்பேசின், அதற்கு அடுத்த வரியில் மரணம். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வரி வரியாகப் படித்தேன். வாஷ்பேசின் ஏற்கெனவே உடைந்துதானே கிடக்கிறது என்று சண்டை போட்டு அந்த ஒரு வார்த்தையை அடிக்கவைத்துவிட்டுத்தான் போட்டேன். மரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லா ஒப்பந்தத்திலும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

சேலையூரில் அந்த மாடி போர்ஷனைப் பார்க்கப் போன அன்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். ஓனர் தணிகாசலம் கீழ்த்தளத்தில் மனைவி தேவகியம்மாவோடு இருந்தார். எழுபதை ஒட்டிய வயது, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் டெஸ்டர். எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டராக இருந்தவர். மாடிப்படிக்கு அடியில், கேட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி சுவரில் பதித்திருந்த சின்னப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இதான்மா நாடிப்பெட்டி. தரைக்கு அடியில கம்பி ஓடுது. நீங்க நடக்கறது, படுக்கறது, மூச்சு விடறது எல்லாம் இதுக்குத் தெரியும். பேசறது கேக்காது, பயப்படாதீங்க. உள்ள இருக்கற ஒரு உசுரு அணையப் போகுதுன்னா ஒரு நாள் முன்னாடியே செவப்பா எரியும். இது வரைக்கும் தப்பினதே இல்ல.”

“ஆக்சிடென்ட் மாதிரி ஏதாவது ஆனா?” என்று என் கணவன் தினா கேட்டான்.

“அதுக்கு நான் உங்களைக் கேக்க மாட்டேன், தம்பி. ஆனா லைட்டு எரிஞ்சப்புறமும் ஆளை வெளிய கொண்டு போகாம உள்ளயே வெச்சுக்கிட்டீங்கன்னா ‘சாவு படாத வீடு’ங்கற சர்ட்டிபிகேட் போயிடும். சாவு பட்ட வீட்டுக்கு எவன் வருவான்? சேதத்துக்கு நீங்கதான் பொறுப்பு.” அப்புறம் அப்பாவைப் பார்த்தார். “பெரியவருக்கு உடம்பு எப்படி?”

“எனக்கென்ன சார், குத்துக்கல்லாட்டம் இருக்கேன்” என்றார் அப்பா. பக்கவாதத்தில் விழுந்த இடது கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்.

பெட்டியில் யாருக்கு என்று காட்டாது. அதனால் தளத்துக்கு ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்பது விதி. தணிகாசலம் சாரோ இரண்டு தளத்துக் கம்பியையும் தானே முறுக்கி ஒரே பெட்டியில் சேர்த்துவிட்டார். “இருக்கறது நாலஞ்சு பேரு, இதுக்கு ரெண்டு பெட்டி எதுக்கு?” என்று எங்களிடமே பெருமையாகச் சொன்னார். தண்ணீர் மோட்டாரும் படிக்கட்டு லைட்டும் பொதுவாக இருக்கும்போது இதுவும் பொதுவாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நாங்களும் தலையாட்டினோம்.

இந்த வழக்கம் ஒன்றும் பெட்டியோடு வந்ததில்லை. அப்பா கண்டக்டராக இருந்த காலத்திலேயே, வாடகைக்கு இருப்பவர் ஆஸ்பத்திரியில் இறந்தால் உடலை வாசலுக்குள் கொண்டுவர விடாத ஓனர்கள் இருந்தார்களாம். நட்சத்திரம் சரியில்லாத சாவு என்றால் வீட்டை ஆறு மாதம் அடைத்துப் போட வேண்டும். அந்த ஆறு மாத வாடகைக்கு யார் பொறுப்பு என்று பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள். அப்போது சாவு சொல்லாமல் வந்தது. இப்போது சொல்லிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

அப்பா எங்களோடு இருந்தது அவருக்குக் கூச்சமாகவே இருந்தது. மகள் வீட்டில் சாப்பிடுகிறோமே என்று, சாப்பிட்ட தட்டை ஒற்றைக் கையால் அவரே கழுவி வைப்பார். மாப்பிள்ளை ஹாலுக்கு வந்தால் எழுந்திருக்கப் பார்ப்பார். “உக்காருங்க மாமா” என்று தினா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். நாளாக ஆக மூச்சு வாங்க ஆரம்பித்தது. படி இறங்குவதை விட்டார். பகலிலும் படுத்தே இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசைக்கல்லை அடுப்பில் போட்டிருந்தேன். கீழேயிருந்து குரல் வந்தது.

“யமுனா! கொஞ்சம் இறங்கி வாம்மா.”

தணிகாசலம் சார் படிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். பெட்டியைக் காட்டினார். விளக்கு சிவப்பாக எரிந்தது.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அப்பாவின் முகம் இல்லை, ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவுதான். எத்தனை வருஷம் கட்டினாலும் தீராதே, நாங்கள் ரெண்டு பேரும் இன்னும் ஒரு சொந்த மிக்ஸிகூட வாங்கவில்லையே என்றுதான் மனசு ஓடியது. அட ச்சீ என்று என்னையே காறித் துப்பலாம் போலிருந்தது.

“நான் என்னம்மா பண்றது?” என்றார் அவர். குரல் கடுமையாக இல்லை. “எனக்குப் பையன் இல்ல. பொண்ணு கண் காணாத தேசத்துல இருக்கா. இந்த மாடி வாடகைதான் எங்களுக்குச் சோறு. எனக்கப்புறம் தேவகிக்கு இதை விட்டா வேற எதுவும் கிடையாது. சர்ட்டிபிகேட் போச்சுன்னா அவ நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம் சார்.”

“செவப்பு விழுந்தா அவங்க சேத்துக்க மாட்டாங்கம்மா. அவங்க கட்டிலுக்கும் சர்ட்டிபிகேட் இருக்கு. சுத்து வண்டிக்குச் சொல்லிடு.”

நானே சொன்னேன். போன் செய்யப் போன தினாவிடமிருந்து போனைப் பிடுங்கி நானே சொன்னேன். பெயர், வயது, மாடி, லிஃப்ட் உண்டா, ஆளால் உட்கார முடியுமா. சிலிண்டர் புக் செய்கிற மாதிரி எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

“என் சட்டையில ஒண்ணு துவைச்சது இருக்கா, பாப்பா?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். தினா அழுதுவிட்டான். நான் அழவில்லை. அழுதால் நான் செய்கிற காரியத்தை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்து பீரோவைக் குடைந்தேன்.

நாற்காலியில் வைத்து இறக்கினோம். படியடியில் தேவகியம்மா பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். “கஞ்சி இருக்கு யமுனா, உப்பு கம்மியாதான் போட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா நாற்காலியிலிருந்தே ஓனரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

“மன்னிச்சுக்கங்க சார். உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன்.”

“ஐயையோ, அதெல்லாம் இல்லீங்க” என்றார் தணிகாசலம் சார். தெருவில் எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அது மரியாதையா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

வண்டி பார்க்க ஆம்புலன்ஸ் மாதிரி இருந்தது, சைரன் மட்டும் இல்லை. உள்ளே ஒரு கட்டில், பக்கத்தில் ஒரு சீட், மேலே நாடிப்பெட்டி. ஓட்டி வந்த ஜெபராஜுக்கு என்னைவிட ரெண்டு மூணு வயது குறைவாக இருக்கும். அப்பாவைப் பூப்போல் தூக்கிக் கிடத்தினான். தினா வீட்டிலேயே இருந்தான். ஆள் வெளியேறியதும் விளக்கு பச்சைக்குத் திரும்புகிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்க ஒருவர் இருக்க வேண்டுமாம். அதுவும் எங்கள் பொறுப்புதான்.

“எங்க போறோம், தம்பி?” என்று கேட்டேன்.

“எங்கயும் இல்லக்கா. பைபாஸ்ல சுத்துவோம். நிறுத்த முடியாது. எந்தத் தெருவுல நின்னாலும் அந்தத் தெருக்காரங்க அடிக்க வருவாங்க. அவங்கவங்க வீட்டுக்கும் சர்ட்டிபிகேட் இருக்குல்ல?”

“எவ்வளவு நேரம் சுத்துவீங்க?”

“முடியற வரைக்கும்க்கா” என்று கண்ணாடியில் என்னைப் பார்க்காமலேயே சொன்னான்.

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். “தாம்பரம் ரூட்டா இது? எவ்வளவு மாறிப்போச்சு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, “டிக்கெட் எடுத்துட்டியா பாப்பா?” என்று சிரித்தார். அவர் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. கஞ்சி குடிக்கிறீர்களா என்று பிளாஸ்க்கைத் திறந்தேன். வீட்டில் நாலு வாய்க்கு மேல் இறங்காத மனிதர், அன்றைக்கு ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

வண்டலூர் தாண்டித் திரும்பும்போது ஜெபராஜ் வண்டியை மெதுவாக்கினான். மேலேயிருந்த பெட்டியைத் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“அக்கா, இவரு ஏறி இவ்வளவு நேரமாச்சு. இந்நேரம் செவந்திருக்கணும். பச்சையாவே இருக்கு.”

“பெட்டி ரிப்பேரோ?”

“போன வாரம்தான் புதுசு போட்டாங்க.” கையை நீட்டி அதைத் தட்டினான். பச்சைதான். “அப்பாவுக்கு உடம்பு நல்லாத்தான்க்கா இருக்கு. மூச்சு கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். இப்போதைக்கு ஒண்ணும் இல்ல.”

நான் என்னவென்று யோசிப்பதற்குள் தினா கூப்பிட்டான்.

“யமு, மாமா எப்படி இருக்காரு?” என்றவன், பதிலுக்குக் காத்திராமல், “இங்க ஒரே ரகளை. லைட்டு இன்னும் செவப்பாவே எரியுது. ஓனர் கத்தறாரு. வேற யாரையோ உள்ள ஒளிச்சு வெச்சிருக்கோமாம்” என்றான்.

அப்பா இங்கே. நான் இங்கே. விளக்கு அங்கே சிவப்பு.

“தினா, நீ எங்க இருக்க?”

“மாடியிலதான். மாமா கட்டிலை மடிச்சுட்டு இருக்கேன்.”

“உடனே இறங்கித் தெருவுக்கு வா.”

“எதுக்கு?”

“வாடான்னா வாடா!”

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவனை ‘டா’ போட்டதில்லை. போனைக் கட் பண்ணாமலே அவன் படி இறங்குகிற சத்தம் கேட்டது. கேட் திறக்கிற சத்தம் கேட்டது. “இப்பப் பாரு, என்ன எரியுது?” என்றேன். “செவப்பு” என்றான். “கொஞ்சம் பொறு, பெட்டிக்கு நேரம் குடு” என்றேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். திரும்பத் திரும்பச் செவப்புதான் என்றான்.

“அப்பாடா!” என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மாடியில் இப்போது யாரும் இல்லை. அப்படியென்றால் அது கீழ்த்தளம். கஞ்சியில் உப்பு கம்மியாகப் போட்டுக் கொடுத்த கை, அல்லது டெஸ்டர் வைத்திருக்கிற கை. அந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் நான் அப்பாடா என்று சொல்லியிருக்கிறேன்.

“வண்டியைத் திருப்புங்க தம்பி” என்றேன்.

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். தணிகாசலம் சாரைத் தனியாகக் கூப்பிட வேண்டும், உட்கார வைக்க வேண்டும், கம்பிகளைச் சேர்த்து முறுக்கியதில் ஏதோ தவறு இருக்கலாம் என்று ஆரம்பிக்க வேண்டும். நல்ல வார்த்தைகளாகத்தான் தேடி வைத்திருந்தேன். எங்கள் தெருவுக்குள் வண்டி நுழையும்போது எதுவும் மிச்சமில்லை. கேட்டை மூடி அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார். தெருவே கூடியிருந்தது.

“எதுக்கும்மா திருப்பிக் கூட்டிட்டு வர்ற? லைட்டு இன்னும் அணையல. நீங்க என்ன தில்லுமுல்லு பண்ணீங்கன்னு தெரியாது. பெரியவரு உள்ள வரக் கூடாது.”

“சார், கொஞ்சம் உள்ள வாங்க, பேசணும்.”

“இங்கயே பேசு. படிச்ச பொண்ணுதானே? படிச்சுத்தானே கையெழுத்துப் போட்ட? சாகற ஆளைக் கூட்டிட்டு வந்து என் வீட்டு வாசல்ல நிறுத்தறியே, உனக்கு வெக்கமா இல்ல?”

வண்டிக்குள்ளிருந்து அப்பா, “பாப்பா, வேணாம், நாம போயிடலாம்” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வெறி வந்ததோ.

“எங்க அப்பா சாகல சார்! வண்டியில பச்சை எரியுது, வந்து பாருங்க. மாடியில ஈ காக்கா இல்ல. நீங்கதானே ரெண்டு வீட்டுக்கும் ஒரே பெட்டி வெச்சீங்க? அந்தச் செவப்பு உங்க வீட்டுது. போங்க, உள்ள போய் உங்க வீட்ல யாருன்னு பாருங்க!”

வாசலில் தேவகியம்மா நின்றிருந்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு அப்படியே வந்திருந்தார்.

ஒரு மனிதரிடம் அவர் சாவைச் சொல்ல எத்தனையோ விதம் இருந்திருக்கும். நான் அதைக் குழாயடிச் சண்டையில் ஏசுகிற மாதிரி நாலு பேர் நடுவில் எடுத்து வீசினேன். ஜெயித்த மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு வேறு நின்றேன். நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று நினைத்துக்கொள்வதெல்லாம் இப்போதுதான். அப்போது ஒரு கணம் திருப்தியாகவே இருந்தது.

தணிகாசலம் சார் என்னைப் பார்க்கவில்லை. திரும்பித் தேவகியம்மாவைப் பார்த்தார். காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார். சார் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“தேவகி, உனக்கு நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?”

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க.”

“மூச்சு?”

“ஒண்ணும் இல்லன்றேன்ல?”

அவர் கேட்டைத் திறந்தார். திறந்து, தானே வெளியே வந்து தெருவில் நின்றார். “தம்பி, நீ பெட்டியப் பாத்துச் சொல்லு” என்று தினாவிடம் சொன்னார். தினா என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜெபராஜ் எஞ்சினை அணைத்தான். நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறான் என்று அன்றைக்கு யாரும் அவனை அடிக்க வரவில்லை.

“பச்சை” என்றான் தினா. “சார், பச்சையாயிடுச்சு.”

“நல்லவேளை” என்றார் தணிகாசலம் சார். மார்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். “நல்லவேளைடா சாமி. அவ இல்ல.”

அதே நிம்மதிதான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பைபாஸில் என் வாயிலிருந்து வந்ததும் அதுதான். ஆனால் அவர் தன்னைக் கொடுத்து அதை வாங்கினார். நான் அவரைக் கொடுத்து வாங்கினேன்.

பிறகு அவர் வண்டியை நோக்கி நடந்தார். “தம்பி, பெரியவரை இறக்கிடு. நான் ஏறிக்கறேன்.”

“ஏங்க!” என்று ஒரு சத்தம் போட்டார் தேவகியம்மா. அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஓடி வந்து அவர் சட்டையைப் பிடித்தார். “எங்க போறீங்க? இது யாரு வீடு?”

“நம்ம வீடுதான். அதான் சொல்றேன். நான் உள்ள போனா எல்லாம் போச்சு. நாளைக்கு உனக்கு எவன் வாடகை குடுப்பான்?”

“ஒருத்தனும் குடுக்க வேணாம். ஒவ்வொரு கல்லா பாத்துப் பாத்து நீங்க கட்டுன வீடு. இதுல நீங்க சாகக் கூடாதுன்னா அப்புறம் எதுக்கு இந்தக் கண்றாவி வீடு? வாங்க உள்ள.”

“தேவகி, சொன்னாக் கேளு…”

“கேட்டதெல்லாம் போதும். வாங்க.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்கிற பிள்ளை மாதிரி சார் அந்த அம்மா பின்னாலேயே போனார். அவர்கள் படி தாண்டியதும் விளக்கு மறுபடி சிவந்தது.

நாங்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு அதே படியில் ஏறினோம். அவர்கள் கதவு திறந்துதான் இருந்தது. தணிகாசலம் சார் சோபாவில் உட்கார்ந்து டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அப்பாவின் கால் இடிக்கிறது, பார்த்துப் பிடி என்று தினாவை அதட்டிக்கொண்டே தாண்டிப் போய்விட்டேன். ராத்திரி கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ராத்திரியில் அவர்கள் இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம் வந்தது, நடுவில் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. காலையில் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். காலையில் தேவகியம்மா காபி போட்டுக் கொண்டுவருவதற்குள் அவர் போய்விட்டார்.

பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்து, வாசலில் மாட்டியிருந்த சர்ட்டிபிகேட் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பெட்டியையும் பெயர்த்துக்கொண்டார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு தேவகியம்மா ஒரு நாள் மாடிக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார்.

“ஒப்பந்தத்துல இருக்காம். எங்களால வீடு கெட்டுப்போச்சுன்னா நீங்க உடனே காலி பண்ணிக்கலாமாம். அட்வான்ஸை உடனே தர முடியாது யமுனா. கொஞ்சம் கொஞ்சமா தந்துடறேன்.”

“அவசரமே இல்லம்மா” என்றேன். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் தினா ஏற்கெனவே மேடவாக்கத்தில் ஒரு வீடு பார்த்திருந்தான். சாவு படாத வீடு. ஒப்பந்தத்தைக்கூட அனுப்பிவிட்டார்கள். அதில் ஆணி, டைல்ஸ், கறை, மரணம் எல்லாம் அதே வரிசையில் இருந்தன. இங்கேயே இருந்தால் ஆபீஸில் விலாசம் கேட்கும்போது ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று தினா சொன்னான். எனக்கும் அந்தப் படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் கூசியது. தப்பிப் போய்விட்டால் போதும் என்று பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

சாமான் ஏற்ற வண்டிக்குச் சொல்லியிருந்த நாளுக்கு முந்தின நாள் மாலையில் காலிங் பெல் அடித்தது. ஜெபராஜ் நின்றிருந்தான். யூனிபார்ம் இல்லை. தலையை வாரி, நெற்றியில் வியர்வையோடு நின்றான்.

“அக்கா, நீங்க காலி பண்றீங்கன்னு கேள்விப்பட்டேன்.”

“ஆமா தம்பி. உக்காருங்க.”

அவன் உட்காரவில்லை. ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டே பேசினான். “இந்த போர்ஷன் எனக்குக் கிடைக்குமான்னு கீழம்மாகிட்டக் கேட்டேன். உங்ககிட்டக் கேட்டுக்கச் சொன்னாங்க. எங்க அம்மா இருக்காங்கக்கா. ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்லிட்டாங்க.”

“இந்த வீட்டுக்கா? இங்கதான் சர்ட்டிபிகேட்…”

“அதான்க்கா கேக்கறேன்” என்றான். “ஒரு தடவ கெட்ட வீடு, மறுபடி கெட என்ன இருக்கு? இங்கன்னா அம்மா பாட்டுக்குக் கட்டில்லயே கிடப்பாங்க. நான் எத்தனை பேரை வெச்சுச் சுத்தியிருக்கேன். எங்க அம்மாவையும் அதே வண்டியில வெச்சு நானே ஓட்டணும்னு நினைச்சா…” நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். “ஊர்ல இந்த மாதிரி வீடு ஒண்ணு ரெண்டுதான்க்கா இருக்கு. எல்லாத்துலயும் ஆள் இருக்காங்க.”

நான் அவனைப் பார்த்தேன். ஹாலில் கட்டிவைத்த மூட்டைகளைப் பார்த்தேன். மேடவாக்கத்து வீட்டின் வாசலில் நாளைக்குப் பச்சையாக எரியப்போகிற விளக்கை நினைத்தேன். உள்ளறையில் அப்பா இருமினார். அந்த இருமலைக் கேட்டபடியே, யோசித்துப் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லாமல், வாய் கூசாமல் சொன்னேன்.

“நாங்க காலி பண்ணல தம்பி.”

அவன் கண் மூட்டைகளின் மேல் போனது. உள்ளறைக் கதவின் மேல் போனது. அவனுக்குப் புரிந்துவிட்டது. சண்டை போடுவான், இந்தப் பேச்சு நியாயமா என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். “சரிக்கா. உங்க இடத்துல நான் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு, சத்தம் போடாமல் படி இறங்கிப் போனான். கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தது மாடியிலிருந்து தெரிந்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வீட்டை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு பாப்பா?” என்று அப்பா கேட்டார்.

“வீடு கேட்டு வந்தாங்கப்பா.”

“நாமதான் போறோமே, குடுத்துட வேண்டியதுதானே?”

அறைக்குள் போய் அவர் போர்வையைச் சரி செய்தேன். “இல்லப்பா. நாம எங்கயும் போகல. இங்கயேதான் இருக்கப் போறோம்.”

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “நிஜமாவா? மாப்பிள்ளை அவ்வளவு நல்ல வீடு பாத்து வெச்சாரே. அதை விட்டுட்டு… எனக்காகவா பாப்பா?”

“ஆமாப்பா” என்றேன். “உங்களுக்காகத்தான்.”

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தலையணையைத் தட்டிப் போடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.